மூளையைத் தாக்கும் பூஞ்சைகளை இனங்காண்பதும் மருந்துணர்திறன் பார்ப்பதும்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்டீரியாப் பிரிவில் பழகிவிட்டுப் பூஞ்சைப் பிரிவுக்கு வரும் தொழில்நுட்பருக்கும், எம்.டி. முதலாண்டு மாணவருக்கும் ஒரு கைப்பழக்கம் ஊறியிருக்கும். மாதிரி வந்தால் கல்ச்சர் போட வேண்டும், மறுநாள் காலனியை எடுத்து மருந்துணர்திறன் பார்க்க வேண்டும், அதன் பிறகு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதே அது. மூளைக்குள் புகும் பூஞ்சைகளிடம் இந்த வரிசை செல்லாது. நுண்ணோக்கியும் ஆன்டிஜென் சோதனையும் ஒரு மணி நேரத்துக்குள் தரும் விடையை வைத்தே சிகிச்சை தொடங்குகிறது. பூஞ்சையின் பெயர் சில நாட்களில் தெரிகிறது. மருந்தின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு, அதாவது எம்.ஐ.சி., ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது. எம்.ஐ.சி. எண்ணைப் பெரிதாக நினைத்து முன்னிரண்டு படிகளையும் அவசரமாகக் கடப்பவர்களையே அதிகம் பார்க்க முடிகிறது என்பதால், முன்னிரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

எதை எதிர்பார்த்து மேசையில் உட்காருவது

மாதிரியைப் பார்த்ததுமே எந்தப் பூஞ்சைகள் வரக்கூடும் என்ற பட்டியல் மனத்தில் ஓட வேண்டும். மூளைத் தண்டுவட நீரில், அதாவது சி.எஸ்.எஃப்.பில், பெரும்பாலும் வருவது கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ்; எச்.ஐ.வி. தொற்றால் சி.டி.4 அணுக்கள் குறைந்தவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோரிடம் இதை முதலில் தேட வேண்டும். எதிர்ப்பாற்றல் குறையாதவரிடமும் நோய் உண்டாக்கும் அதன் உறவினம் கிரிப்டோகாக்கஸ் கட்டி (gattii என்ற இனப்பெயர்; சீழ்க்கட்டி அன்று). குறைமாதக் குழந்தைகளிடமும், மூளையில் நீர் வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்தவர்களிடமும் கேண்டிடா வரும்.

மூளைச் சீழ்க்கட்டியிலிருந்து சீழோ திசுவோ வந்தால் பட்டியல் மாறிவிடும். அங்கே ஆஸ்பெர்ஜில்லஸும் மியூக்கரேல்ஸ் வரிசைப் பூஞ்சைகளும் கரும்நிற இழைப்பூஞ்சைகளும் முன்னிற்கும். மியூக்கரேல்ஸ் பெரும்பாலும் மூக்கிலும் கண்குழியிலும் தொடங்கி மூளைக்கு ஏறும். 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று ஊரெல்லாம் பேசப்பட்டதும், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததும் இதைத்தான். அந்தப் பெயர் ஆய்வகத்தில் பெருங்குழப்பத்தை உண்டாக்கியது. மியூக்கரேல்ஸ் பூஞ்சையின் இழையில் கருமை கிடையாது. இரத்த ஓட்டம் தடைபட்டு அழுகிய திசுதான் கருத்துப்போகிறது. இழையிலேயே மெலனின் நிறமி கொண்ட உண்மையான கரும்பூஞ்சைகள் வேறு. அவற்றுள் மூளையைத் தாக்குவதில் முதலிடம் கிளாடோபியலோபோரா பேன்டியானாவுக்கு; உலக அளவில் பதிவான நோயாளிகளில் கணிசமானோர் இந்தியர்கள், அவர்களில் பலர் முன்பு எந்த நோயும் இல்லாதவர்கள். மத்தியக் கிழக்கில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்றால் ரைனோகிளாடியெல்லா மெக்கென்சியையும், நீரில் மூழ்கி மீட்கப்பட்டவர் என்றால் ஸ்கெடோஸ்போரியத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட விவரங்கள் கோரிக்கைப் படிவத்தில் எப்போதாவதுதான் இருக்கும். வார்டுக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

மாதிரியைப் பெறுதல்

பூஞ்சைச் சோதனைக்கு மட்டும் குறைந்தது 3 முதல் 5 மி.லி. தண்டுவட நீர் வேண்டும். அரை மி.லி.யில் எதுவும் வளரவில்லை என்றால், அதில் பூஞ்சை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த அளவை அறிக்கையிலும் குறிப்பிடுவது நல்லது. கல்ச்சர் போடும்வரை நீரை அறை வெப்பநிலையிலேயே வைக்க வேண்டும், குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. சீழும் திசுவும் கிருமி நீக்கிய உப்புநீரில் வர வேண்டும். ஃபார்மலினில் போட்டு அனுப்பிய திசுவிலிருந்து எதையும் வளர்க்க முடியாது என்பதை அறுவை அரங்குக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது, வந்த பிறகு வருந்துவதைவிட மேல். நோயியல் துறைக்கு ஒரு துண்டு, நமக்கு ஒரு துண்டு என்று அரங்கிலேயே பிரித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

தண்டுவட நீரை மூடியுள்ள கூம்புக் குழாயில் மாற்றி, 1,500 முதல் 2,000 ஜி விசையில் 10 முதல் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றவும். மேலே நிற்கும் தெளிநீரை வேறொரு குழாயில் எடுத்து வைக்கவும். ஆன்டிஜென் சோதனை அதில்தான் நடக்கும். அடியில் அரை மி.லி. அளவு படிவை மட்டும் விட்டு அதை நன்றாகக் கலக்கவும். நுண்ணோக்கிக்கும் கல்ச்சருக்கும் இந்தப் படிவையே பயன்படுத்த வேண்டும். இவை அனைத்தும் இரண்டாம் வகைப் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் நடக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்: இந்தியா இங்க்கும் ஆன்டிஜென் பட்டையும்

சுத்தமான ஸ்லைடில் படிவில் ஒரு துளியும், அதன் பக்கத்தில் இந்தியா இங்க்கில் அதைவிடச் சிறிய துளியும் வைத்து, கவர்ஸ்லிப்பின் விளிம்பால் இரண்டையும் கலந்து மூடவும். மை அதிகமானால் களம் முழுவதும் இருண்டுவிடும். குறைந்தால் உறையும் பின்புலமும் பிரிந்து தெரியாது. ஸ்லைடை ஓர் அச்சிட்ட தாளின் மேல் வைத்துப் பார்த்தால், மை வழியே எழுத்துகள் மங்கலாகவேனும் படிக்கக் கிடைக்க வேண்டும். அதுவே சரியான கலவைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல். முதலில் 10 மடங்குப் பொருளருகு வில்லையில் ஸ்லைடு முழுவதையும் வருடிவிட்டு, ஐயத்துக்குரிய இடங்களை 40 மடங்கில் பார்க்க வேண்டும். ஐந்தாறு களங்களைப் பார்த்துவிட்டு ஸ்லைடை எடுப்பது நெகட்டிவ் சொல்வதற்குப் போதாது.

காண வேண்டியது இதுதான்: கரிய பின்புலத்தில் தெளிவான ஒளிவளையம், அதன் நடுவே தடித்த, ஒளியை முறிக்கும் சுவருடைய உருண்டை ஈஸ்ட், குறுகிய கழுத்தோடு ஒட்டியிருக்கும் மொட்டு. ஒளிவளையம் மட்டும் இருந்து சுவரும் மொட்டும் தெரியாவிட்டால் பாசிட்டிவ் என்று எழுதக் கூடாது. நிணநீர் வெள்ளணுவைச் சுற்றி மை விலகி நின்று உறை போலத் தோற்றமளிப்பது இந்தச் சோதனையின் மிகப் பழைய வலை; ஆனால் அந்த வளையத்தின் விளிம்பு மங்கலாகக் கரைந்திருக்கும், நடுவில் உள்ளது மொட்டு விடாது. கையுறைப் பொடியின் மாவுத்துகளும் காற்றுக் குமிழியும் கொழுப்புத் துளியும்கூட ஏமாற்றும். மைப்புட்டியிலேயே ஈஸ்ட் வளர்ந்து வந்த எல்லா நோயாளிகளுக்கும் பாசிட்டிவ் காட்டிய கதைகள் பல ஆய்வகங்களில் உண்டு. எனவே மையை மட்டும் வைத்த ஸ்லைடு ஒன்றைத் தினமும் பார்ப்பது சடங்கன்று. இந்தியா இங்க் கிடைக்காத ஆய்வகங்கள் நிக்ரோசினைப் பயன்படுத்துகின்றன, அதுவும் சரியே.

எச்.ஐ.வி. நோயாளிகளிடம் பூஞ்சைச் சுமை மிகுந்திருப்பதால் இந்தச் சோதனை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேரைக் கண்டுபிடிக்கும். மற்றவர்களிடம் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். அதனால்தான் ஆன்டிஜென் சோதனையை அதற்குப் பதிலாக அன்றி அதனோடு சேர்த்தே செய்ய வேண்டும். கிரிப்டோகாக்கஸ் உறையின் பாலிசாக்கரைடைக் கண்டறியும் பக்கவாட்டு ஓட்டப் பட்டை, கர்ப்பச் சோதனைப் பட்டையைப் போன்றே செயல்பட்டு, பத்து நிமிடத்தில் கோடு காட்டும்; அதன் உணர்திறன் 98 விழுக்காட்டுக்கும் மேல். புதியவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருக்கும் மாதிரியில் புரோசோன் விளைவால் கோடு மங்கியோ வராமலோ போகலாம். இந்தியா இங்க் பாசிட்டிவாக இருந்து பட்டை நெகட்டிவ் காட்டினால் மாதிரியை நீர்த்து மறுபடி செய்ய வேண்டும். இரண்டாவது, டிரைகோஸ்போரான் ஈஸ்ட்டும் இதே கோட்டைப் பொய்யாகக் காட்டக்கூடும்.

பாசிட்டிவ் என்று உறுதியானதும் கணினியில் பதிவிட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவருக்கு நேரடியாகப் போன் போட்டு, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த நோயில் பலரைக் கொல்வது மண்டைக்குள் ஏறும் அழுத்தம். அதைத் தண்டுவடத்திலிருந்து நீரை எடுத்துக் குறைப்பது அன்று மாலையே செய்ய வேண்டிய வேலை. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. நிணநீர் அணுக்கள் மிகுந்து, சர்க்கரை குறைந்து, புரதம் கூடிய தண்டுவட நீரைக் கண்டால் காசநோய் மூளைக்காய்ச்சல் என்று கருதி மருந்தும் ஸ்டீராய்டும் தொடங்கப்படுவது வழக்கம். அணுக்கணக்கில் கிரிப்டோகாக்கஸும் இதே முகத்தைக் காட்டும். ஆகவே இத்தகைய நீர் ஒவ்வொன்றுக்கும், கேட்கப்பட்டாலும் கேட்கப்படாவிட்டாலும், பட்டைச் சோதனை செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

சீழும் திசுவும்

திசுவை 10 முதல் 20 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையவிட்டுப் பார்க்க வேண்டும். ஒளிர்நுண்ணோக்கி இருந்தால் கால்கோஃப்ளோர் வைட் என்னும் ஒளிரும் சாயம் சேர்த்துக்கொள்வது மிகுந்த பயன் தரும். நாடா போல் அகன்று, குறுக்குச்சுவர் அநேகமாக இல்லாமல், மடிந்தும் முறுக்கியும் கிடக்கும் இழை மியூக்கரேல்ஸ். சீரான அகலமும் குறுக்குச்சுவரும் கொண்டு, கூர்ங்கோணத்தில் கிளைக்கும் இழை ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம். ஃபியூசேரியமும் ஸ்கெடோஸ்போரியமும் திசுவில் இதே போலத்தான் தெரியும் என்பதால், 'குறுக்குச்சுவருள்ள நிறமற்ற இழைகள் காணப்பட்டன' என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இழை இயல்பாகவே பழுப்பாகத் தெரிந்தால் கரும்நிறப் பூஞ்சை. நிறம் ஐயமாக இருந்தால் நோயியல் துறையில் ஃபான்டானா-மேசன் சாயம் கேட்கலாம். இந்த மூன்றில் எது என்பதைச் சொன்னாலே மருத்துவரின் மருந்துத் தேர்வு பாதி முடிந்துவிடும். வோரிகொனசோல் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்து. மியூக்கரேல்ஸுக்கு அது பயனற்றது, அங்கே ஆம்ஃபோடெரிசின் பி வேண்டும்.

கல்ச்சருக்குத் திசுவைக் கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். உரலில் இட்டு அரைத்தால் மியூக்கரேல்ஸின் குறுக்குச்சுவரற்ற இழைகள் உடைந்து செத்துவிடும். நுண்ணோக்கியில் பாசிட்டிவ், கல்ச்சரில் ஒன்றுமில்லை என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம் இதுதான். நறுக்கிய துண்டுகளை ஊடகத்தின் மேல் லேசாக அழுத்திப் பதிக்க வேண்டும்.

கல்ச்சர்

சபூரோ டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் குளோராம்ஃபெனிகால் சேர்க்கலாம். சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த ஊடகத்தை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் அது கிரிப்டோகாக்கஸையும் மியூக்கரேல்ஸையும் ஆஸ்பெர்ஜில்லஸ் பலவற்றையும் தடுத்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு தொகுதி போட்டு, ஒன்றை 25 முதல் 30 டிகிரியிலும் மற்றதை 37 டிகிரியிலும் வைத்து, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். முதல் வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். இழைப்பூஞ்சையை எதிர்பார்த்தால் தட்டைவிட மூடியிட்ட சாய்தளக் குப்பியே பாதுகாப்பு.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. கிளாடோபியலோபோரா பேன்டியானாவை ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் மூன்றாம் இடர்ப்பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வறண்ட பகுதிகளுக்குச் சென்று வந்தவரின் மாதிரியிலிருந்து வளரும் காக்சிடியாய்டிஸ் அதைவிடவும் ஆபத்தானது. அதன் வித்துகள் மூடியைத் திறந்த நொடியில் காற்றில் பறக்கும். மூளையிலிருந்து வளர்ந்த எந்த இழைப்பூஞ்சையையும் கேபினட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது; இவ்விரண்டில் ஒன்று என்று ஐயமிருந்தால் ஸ்லைடு கல்ச்சரும் போடக் கூடாது.

வளர்ந்ததெல்லாம் நோய்க்கிருமியா, காற்றிலிருந்து விழுந்ததா என்ற கேள்வி அடுத்து வரும். கோடிழுத்த இடத்தில் வளர்ந்திருக்கிறதா, இரண்டு தொகுதியிலும் வந்திருக்கிறதா, நேரடி நுண்ணோக்கியில் கண்டதோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனாலும் தண்டுவட நீரில் ஒற்றைக் காலனியாக வந்த இழைப்பூஞ்சையைக் கூடத் தூக்கி எறிவதற்கு முன் நோயாளிக்கு அண்மையில் தண்டுவட மயக்க ஊசியோ முதுகில் ஸ்டீராய்டு ஊசியோ போடப்பட்டதா என்று கேட்க வேண்டும். 2005-இல் கொழும்பில் அறுவை மகப்பேற்றுக்காகத் தண்டுவட மயக்க மருந்து பெற்ற பெண்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் மூளையுறை அழற்சி வந்தது. 2012-இல் அமெரிக்காவில் மாசடைந்த மெத்தில்பிரெட்னிசோலோன் ஊசியால் 753 பேர் நோயுற்று 64 பேர் இறந்தனர். அவர்களில் ஆய்வகத்தில் பூஞ்சை உறுதியானவர்களுள் பெரும்பாலோரிடம் கண்டறியப்பட்ட எக்செரோஹைலம் ரோஸ்ட்ரேட்டம், அதுவரை புல்லிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சை என்றே ஆய்வகங்கள் ஒதுக்கி வைத்தது.

ஈஸ்ட்டுக்குப் பெயர் வைத்தல்

கிரிப்டோகாக்கஸ் இரண்டு முதல் ஐந்து நாளில் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ வழவழப்பான காலனியாக எழும்; உறை பெரிதாக இருந்தால் சாய்தளத்தில் வழிந்து அடியில் தேங்கும். முதற்படியாகக் கிறிஸ்டென்சன் யூரியா ஊடகத்தில் போட்டால் அது இளஞ்சிவப்பாக மாறும். கேண்டிடாவில் பெரும்பாலானவை மாற்றாது. யூரியேஸ் பாசிட்டிவ் என்றதும் கிரிப்டோகாக்கஸ் என்று எழுதிவிடக் கூடாது. ரோடோடோருலாவும் டிரைகோஸ்போரானும் பாசிட்டிவ்தான். ரோடோடோருலாவின் காலனி பவளச்சிவப்பாக இருப்பதால் நான்காம் நாளில் தானே காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு நாளில் நிறம் ஏறாதபோதுதான் ஏமாறுவோம். டிரைகோஸ்போரானைச் சோளமாவு அகாரில் வைத்தால் துண்டு துண்டாக உடையும் இழைகள் தெரியும்.

அடுத்தது பேயெள்ளு ஊடகம். பறவைத் தீவனமாக விற்கப்படும் அந்த விதையின் சாற்றில் உள்ள பீனால் சேர்மங்களைக் கிரிப்டோகாக்கஸ் மெலனினாக மாற்றுவதால், ஒரு வாரத்துக்குள் அதன் காலனி மட்டும் காப்பிப்பொடி நிறத்துக்குப் போகும். நியோஃபார்மன்ஸையும் கிரிப்டோகாக்கஸ் கட்டியையும் பிரிக்கக் கனவனைன், கிளைசின், புரோமோதைமால் நீலம் சேர்ந்த சி.ஜி.பி. ஊடகம் போதும்: கட்டி இனம் ஊடகத்தை ஆழ்ந்த நீலமாக்கும், நியோஃபார்மன்ஸ் அதை மஞ்சளாகவே விட்டுவிடும்.

புரதங்களின் நிறையை அளந்து கிருமியை இனங்காணும் மால்டி-டாஃப் கருவி இருக்கும் ஆய்வகத்தில் இவை எல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கருவி ஈஸ்ட்டுகளை நன்றாகவே அறியும். ஆனால் தடித்த உறை உள்ள கிரிப்டோகாக்கஸை நேரடியாகத் தட்டில் பூசினால் மதிப்பெண் தாழ்ந்து 'அடையாளம் கிடைக்கவில்லை' என்று வரும். ஃபார்மிக் அமிலம் கொண்டு புரதத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் வைக்க வேண்டும். மதிப்பெண் 2-க்குக் கீழே இருந்தால் இனப்பெயர் எழுதுவதற்கு முன் யூரியேஸும் பேயெள்ளும் பார்த்துவிடுவது நல்லது.

இழைப்பூஞ்சைக்குப் பெயர் வைத்தல்

மியூக்கரேல்ஸ் பொங்கும் பால் மூடியைத் தள்ளுவதைப் போல இரண்டே நாளில் தட்டின் மூடிவரை எழுந்து நிற்கும். ஒட்டும் நாடாவால் தொட்டு லாக்டோபீனால் காட்டன் புளூவில் வைத்துப் பார்த்தால், வித்துப்பையும் அதன் காம்பும் வேர் போன்ற இழைகளும் தெரியும். வேரிழை காம்பின் நேர் கீழே இருந்தால் ரைசோபஸ். அப்போஃபைசோமைசிஸ் வழக்கமான ஊடகத்தில் வித்தே விடாது. சத்துக் குறைந்த நீர்-அகார் ஊடகத்தில் பட்டினி போட்டால் விடும்.

கிளாடோபியலோபோரா பேன்டியானாவுக்குப் பொறுமை வேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் ஆலிவ் சாம்பல் நிறத்தில் வெல்வெட் போன்ற காலனியும், பின்புறம் கருமையும் தெரியும். நுண்ணோக்கியில் வித்துகள் கிளையதிகமில்லாத நீண்ட சங்கிலியாகத் தொடுத்திருக்கும். காற்றில் எங்கும் மிதக்கும் கிளாடோஸ்போரியமும் சங்கிலி விடும். ஆனால் அதன் வித்துகளின் இரு முனையிலும் ஒட்டியிருந்த இடத்தின் கரிய தழும்பு இருக்கும், சங்கிலியும் தொட்டால் உதிரும். பேன்டியானாவில் தழும்பு இராது. முடிவான சோதனை வெப்பம்: 40 முதல் 42 டிகிரியில் வைத்த குப்பியில் பேன்டியானா வளரும், கிளாடோஸ்போரியம் 37 டிகிரியிலேயே திணறும். இதற்கு மேல் உறுதி வேண்டுமானால் டி.என்.ஏ.வின் ஐ.டி.எஸ். பகுதியை வரிசையறிவதுதான் வழி. ஆஸ்பெர்ஜில்லஸின் ஒளிந்த இனங்களுக்கு (தோற்றத்தால் பிரித்தறிய முடியாதவை) மட்டும் அது போதாது, பீட்டா-டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணு வேண்டும். இந்த வசதி இல்லாதவர்கள் சண்டிகர் பி.ஜி.ஐ.யில் இயங்கும் தேசிய நோய்ப்பூஞ்சைச் சேகரிப்பு மையத்துக்கு அனுப்பலாம். சாய்தளக் குப்பியில், மும்மடிப் பொதியில் அனுப்ப வேண்டும், தட்டில் அனுப்பக் கூடாது.

மருந்துணர்திறன்: கிரிப்டோகாக்கஸுக்கு ஃபுளுகொனசோல் தட்டு

கற்றுக்கொள்வதற்கு இந்த ஒன்றை முழுமையாகச் செய்து பார்ப்பது நல்லது. மற்றவை இதிலிருந்து சிறு மாற்றங்களே. இங்கே சொல்வது சி.எல்.எஸ்.ஐ. என்னும் அமெரிக்க ஆய்வகத் தரநிலை அமைப்பின் எம்27 ஆவணத்தின் திரவ நீர்த்தல் முறை. ஐரோப்பாவின் யூகாஸ்ட் முறையில் சர்க்கரையின் அளவும் ஈஸ்ட்டின் அளவும் கூடுதல். ஒரு முறையில் எடுத்த எண்ணை மற்றதன் அட்டவணையில் வைத்துப் பார்க்கக் கூடாது.

மருந்தை ஆற்றல் குறிப்பிட்ட தூய தூளாக வாங்க வேண்டும். மாத்திரையைப் பொடித்தோ ஊசிக்குப்பியை உடைத்தோ பயன்படுத்தக் கூடாது. ஃபுளுகொனசோல் நீரில் கரையும். மி.லி.க்கு 1,280 மைக்ரோகிராம் செறிவில் 10 மி.லி. மூலக்கரைசல் வேண்டும், தூளின் ஆற்றல் மில்லிகிராமுக்கு 980 மைக்ரோகிராம் என்றால், 10-ஐ 1,280-ஆல் பெருக்கி 980-ஆல் வகுக்க, 13.06 மில்லிகிராம் எடை போட வேண்டும். ஆம்ஃபோடெரிசின், வோரிகொனசோல் போன்றவை டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைபவை, அவற்றை இறுதிச் செறிவின் நூறு மடங்கில் தயாரித்து, கிணற்றில் டி.எம்.எஸ்.ஓ. ஒரு விழுக்காட்டைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆம்ஃபோடெரிசினை ஒளி படாமல் வைக்கவும். மூலக்கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் சேமித்து, ஒருமுறை உருகிய குழாயை மறுபடி உறைய விடாமல் எறிந்துவிட வேண்டும்.

ஊடகம் ஆர்.பி.எம்.ஐ. 1640: குளூட்டமின் உண்டு, பைகார்பனேட் இல்லை, மாப்ஸ் தாங்கலால் பி.எச். 7.0-இல் நிறுத்தப்பட்டது. பி.எச். சற்று இறங்கினாலும் எண்கள் பிசகும். மூலக்கரைசலை ஊடகத்தில் பத்தில் ஒன்றாக நீர்த்தால் 128 வரும். 96 கிணற்றுத் தட்டின் முதல் நிரலில் அதில் 100 மைக்ரோலிட்டரும், அடுத்தடுத்த நிரல்களில் பாதி பாதியாகக் குறைத்தவையும் பத்தாம் நிரல்வரை வைக்க வேண்டும். ஈஸ்ட் கலவை சேர்ந்ததும் செறிவு பாதியாகி, 64-இலிருந்து 0.125 வரை அமையும். பதினொன்றாம் நிரல் மருந்தில்லாத வளர்ச்சிக் கட்டுப்பாடு. பன்னிரண்டாம் நிரல் ஊடகம் மட்டும்.

ஈஸ்ட்டை 48 மணி நேரக் கல்ச்சரிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள ஐந்து காலனிகளை 5 மி.லி. உப்புநீரில் கலந்து, 15 நொடி வோர்டெக்ஸ் செய்து, 530 நானோமீட்டரில் 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் அளவுக்குச் சரிசெய்யவும். பிறகு ஊடகத்தில் 50-இல் ஒன்று, அதிலிருந்து 20-இல் ஒன்று என்று ஆயிரம் மடங்கு நீர்த்து, ஒன்று முதல் பதினொன்று வரையுள்ள கிணறுகளில் 100 மைக்ரோலிட்டர் சேர்க்கவும். இந்த நீர்த்த கலவையில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு சபூரோ தட்டில் பரப்பி வைத்தால், 10 முதல் 50 காலனி வர வேண்டும். 200 வந்தால் தட்டில் கண்ட எம்.ஐ.சி. உண்மையைவிட ஏறியிருக்கும். பெரிய உறை உள்ள கிரிப்டோகாக்கஸில் ஒளியடர்த்தி உண்மையான எண்ணிக்கையைக் காட்டாமல் போவதுண்டு என்பதால், இந்தத் தட்டை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

தட்டை ஈரம் காக்கும் பெட்டியில் வைத்து 35 டிகிரியில் அடைகாக்கவும். கேண்டிடாவுக்கு 24 மணி நேரம் போதும். கிரிப்டோகாக்கஸுக்கு 72 மணி நேரம் வேண்டும். படிக்கும்போது தட்டின் அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஃபுளுகொனசோலுக்கு வளர்ச்சிக் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டு ஏறத்தாழ பாதி குறைந்த முதல் கிணற்றை எம்.ஐ.சி. என்று எடுக்க வேண்டும். ஆம்ஃபோடெரிசினுக்கு வளர்ச்சி முற்றிலும் இல்லாத கிணறே கணக்கு. புதியவர்கள் ஃபுளுகொனசோலுக்கும் முழுத்தெளிவைத் தேடி, வால் போல நீளும் மெல்லிய கலங்கலையெல்லாம் வளர்ச்சியாக எண்ணி, இல்லாத எதிர்ப்புத்திறனை எழுதிவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டுப்பாட்டு ஈஸ்ட்டுகள் கூடவே ஓட வேண்டும்: கேண்டிடா பாராப்சிலோசிஸ் ஏ.டி.சி.சி. 22019, கேண்டிடா குருசெய் ஏ.டி.சி.சி. 6258 (ஏ.டி.சி.சி. என்பது அமெரிக்கக் கிருமிச் சேகரிப்பின் எண்). 24 மணி நேரத்தில் ஃபுளுகொனசோல் எம்.ஐ.சி. முன்னதற்கு 0.5 முதல் 4 வரையிலும், பின்னதற்கு 8 முதல் 64 வரையிலும் இருக்க வேண்டும். வெளியே போனால் அன்றைய தட்டு முழுவதும் செல்லாது.

இழைப்பூஞ்சைக்கு எம்38 ஆவணம். அங்கே வித்துகளை டுவீன் சேர்த்த நீரில் கழுவியெடுத்து, கனமான இழைத்துண்டுகள் சில நிமிடம் அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் வித்துக் கலவையை மட்டும் அளக்க வேண்டும். ரைசோபஸை ஏறத்தாழ 24 மணி நேரத்திலும், ஆஸ்பெர்ஜில்லஸை 48 மணி நேரத்திலும், ஸ்கெடோஸ்போரியத்தை 72 மணி நேரத்திலும் படிக்கலாம். பேன்டியானாவின் மருந்துணர்திறனைப் புதியவர் தம் ஆய்வகத்தில் முயலாமல் மேல்நிலை மையத்துக்கு விடுவதே சரி.

எண்ணை அறிக்கையாக்குதல்

கிரிப்டோகாக்கஸுக்கு ஃபுளுகொனசோலில் 'உணர்திறன் உண்டு', 'எதிர்ப்புத்திறன் உண்டு' என்று பிரிக்கும் மருத்துவ வரம்பு சி.எல்.எஸ்.ஐ.யில் இல்லை. இருப்பது தொற்றியல் வரம்பு மட்டும். நியோஃபார்மன்ஸுக்கு ஃபுளுகொனசோலில் 8, ஆம்ஃபோடெரிசினில் 0.5 மைக்ரோகிராம். அந்த எண்ணைத் தாண்டினால் அந்தப் பூஞ்சை இயல்பான கூட்டத்திலிருந்து விலகியது, ஏதோ ஒரு எதிர்ப்பு வழியைப் பெற்றிருக்கக்கூடும் என்பதே பொருள். மருந்து வேலை செய்யாது என்று அதை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. எனவே அறிக்கையில் எம்.ஐ.சி. எண்ணையும், 'இயல்பு வகை' அல்லது 'இயல்பு வகை அன்று' என்ற குறிப்பையும் எழுத வேண்டும். வரம்புகள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுவதால் எந்த ஆண்டின் அட்டவணை என்பதும் சேர வேண்டும்.

சில மருந்துகளைச் சோதிக்கவே தேவையில்லை. கிரிப்டோகாக்கஸுக்கும் மியூக்கரேல்ஸுக்கும் எக்கினோகேண்டின் வகை பயன்படாது. மியூக்கரேல்ஸுக்கு ஃபுளுகொனசோலும் வோரிகொனசோலும் பயன்படா. லோமென்டோஸ்போரா புரோலிஃபிகன்ஸ் என்னும் இழைப்பூஞ்சை ஆம்ஃபோடெரிசின் உட்பட ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அசையாது. இவற்றைப் பெயரைக் கண்டதுமே அறிக்கையில் எழுதிவிட வேண்டும். இன்னொன்று, கிணற்றில் இருக்கும் மருந்து மூளைக்கும் போய்ச் சேர வேண்டும். ஃபுளுகொனசோலும் ஃபுளூசைட்டோசினும் தண்டுவட நீருக்குள் நன்றாகப் புகும், வோரிகொனசோலும் புகும். எக்கினோகேண்டின்கள் மிகக் குறைவாகவே புகும். தண்டுவட நீரில் வளர்ந்த கேண்டிடாவுக்கு எக்கினோகேண்டின் வகை மருந்தான மைக்காஃபங்கினின் எம்.ஐ.சி. 0.03 என்று எழுதினால், இரத்தத்துக்கு அது நல்ல செய்தி. மூளைக்கு அதை நம்பி மருந்து கொடுக்க மருத்துவரைத் தூண்டுவது தவறு. நான் தண்டுவட நீர் அறிக்கைகளில் எக்கினோகேண்டின் எண்ணைக் கேட்டாலொழியத் தருவதில்லை.

கிரிப்டோகாக்கஸின் முதல் தொற்றிலேயே எம்.ஐ.சி. பார்ப்பது சிகிச்சையை அரிதாகவே மாற்றும். 2022-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரைப்படி, எச்.ஐ.வி. நோயாளிக்கு லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் ஒரே வேளை கிலோவுக்கு 10 மில்லிகிராமும், இரு வாரம் ஃபுளூசைட்டோசினும் ஃபுளுகொனசோலும் தொடங்கப்படும், எம்.ஐ.சி. வருமுன்பே அது பாதி முடிந்திருக்கும். அந்தச் சோதனை உண்மையில் கைகொடுப்பது நோய் திரும்பி வரும்போது. அப்போதும் இந்தியா இங்க் பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து மீள்தொற்று என்று சொல்லக் கூடாது. இறந்த ஈஸ்ட்டுகள் பல மாதம் நீரில் மிதக்கும், ஆன்டிஜெனும் அப்படியே நிற்கும். கல்ச்சரில் உயிரோடு வளர்ந்தால்தான் மீள்தொற்று. அப்படி வளர்ந்ததையும், முதல்முறை வளர்ந்ததையும் ஒரே நாளில், ஒரே தட்டில், பக்கம் பக்கமாக வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு நீர்த்தல் படி ஏறுவது சோதனையின் இயல்பான அலைவு, நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறினால் மருத்துவருக்குப் போன் போட வேண்டிய செய்தி. இந்த ஒப்பீடு முடிய வேண்டுமானால் முதல் நாள் வளர்ந்த ஈஸ்ட் கையில் இருக்க வேண்டும். ஆகையால் மூளையிலிருந்து வளர்ந்த ஒவ்வொரு பூஞ்சையையும், பெயர் உறுதியான அன்றே, 20 விழுக்காடு கிளிசராலில் இரண்டு குழாய்களாக மைனஸ் 70 டிகிரியில் இட்டு, ஆய்வக எண்ணையும் தேதியையும் குளிரில் அழியாத மையால் எழுதி, பெட்டியில் அது இருக்கும் இடத்தைப் பதிவேட்டில் குறித்து வைக்கவும்.